கொடி எழுத்து

செத்தவர்களுக்குப் பூ கிடையாது என்பதில் அந்த அக்கா கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். மாலை, மலர்வளையம் எல்லாம் அவரவர் இஷ்டம். நான் சொல்வது எழுத்தில் இருக்கும் பூவை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடியில் எங்கள் ஃபிளக்ஸ் கடை இருந்தது. முதலாளிக்கு வேறு தொழில்களும் உண்டு என்பதால் கடைக்கு எப்போதாவது வருவார். அக்கா டிசைன் செய்வார். நான் பிரிண்டர் ஓட்டுவேன், சட்டம் அடிப்பேன், கொண்டுபோய்க் கட்டிவிட்டும் வருவேன். என்னைவிட இரண்டே வயது பெரியவர்தான். ஆனால் கடைக்கு வருகிற எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பல வருடம் ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ் வேலை செய்தோம். வாரத்தில் நான்கு நாள் சண்டை. அதில் மூன்று நாள் சண்டை ஓர் எழுத்தை வைத்துத்தான் வரும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு பழங்காலத்து அலங்கார எழுத்து இருந்தது. சென்னையில் யாரோ கழித்துவிட்ட கம்ப்யூட்டரை முதலாளி வாங்கி வந்தபோது அதற்குள்ளேயே இருந்து வந்த எழுத்து. லிஸ்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, ஏதோ நம்பர் மட்டும் இருந்தது. கொடி எழுத்து என்பது நாங்களாக வைத்த பெயர். அந்தக் காலத்து நாடக நோட்டீஸில், சோடா பாட்டில் லேபிளில் இருக்குமே, அந்த ஜாதி. ஒவ்வோர் எழுத்தின் வாலும் நீண்டு சுருண்டு போகும், சுருளின் நுனியில் ஓர் இலையும் ஒரு மொட்டும் இருக்கும். எழுத்துக்குள்ளே மெல்லிய வெள்ளைக் கோடு, வலப்பக்கம் நிழல். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து என்பதால் ‘லை’ யானை மாதிரி துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு லை இருக்கிறது. அதனால் அக்கா போட்ட முக்கால்வாசி பேனரில் ஒரு யானையாவது நிற்கும். காலேஜ் பையன்கள் வந்து பார்த்துவிட்டு, “இன்னாக்கா, லை ஒடஞ்சி போயிருக்குது?” என்று கேட்பார்கள்.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. முடி மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் பிரிண்டரில் மை இழுத்துக்கொண்டு போகும். இலையும் மொட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டிமுடித்த பிறகு கஸ்டமர் வந்து என்னைத்தான் பிடிப்பான். அக்காவிடம் சொன்னால், “எழுத்து மேல குத்தம் சொல்லாத. மொதல்ல உன் மிஷினைத் தொடை” என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கிரகப்பிரவேசம், அன்னதானம், எல்லாவற்றுக்கும் கொடி எழுத்துதான். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் கொடி எழுத்தில் வரும், மற்றதெல்லாம் சாதா எழுத்தில். கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுப்பார். எங்கள் மாடிப்படிக்குக் கீழே பூ விற்ற அம்மாளுக்கு ஒரு நாள், மீந்துபோன ஃபிளக்ஸ் துண்டில் அவர் பெயரை அப்படிப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “இது நானா?” என்று தடவிப் பார்த்தார். எதற்காக இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். “உசுரோட இருக்கும்போதே ஒரு தடவையாவது அவங்க பேரை அவங்க நல்லா பாத்துக்கட்டும்பா” என்றார் அக்கா.

செத்தவர்கள் என்றால் அப்படியே தலைகீழ். கண்ணீர் அஞ்சலி பேனரில் ஒரு சுழி, ஒரு வளைவு இருக்கக்கூடாது. தடித்த, கட்டையான, நேர் எழுத்து. தோற்றம், மறைவு, கண்ணீருடன், அவ்வளவுதான்.

ஒரு முறை அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் அப்பா காலையில் தவறியிருந்தார். மண்டபத் திறப்புக்கு அக்கா போட்டுக் கொடுத்த எழுத்து அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம், அதே எழுத்து வேண்டும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. பழைய ஃபைலைத் திறந்தேன், பெயரை எடுத்து அஞ்சலி பேனரில் வைத்தேன், பிரிண்ட் கொடுத்தேன். பாதி வந்துகொண்டிருக்கும்போது அக்கா மாடியேறி வந்தார். வந்தவர் கையைக்கூடத் துடைக்கவில்லை. நேராகப் போய் மிஷினை நிறுத்தினார். வந்திருந்த பாதியைக் கட்டரால் அறுத்துச் சுருட்டி மூலையில் போட்டார். அவர்கள் வீட்டு ஆட்கள் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இன்னாக்கா பண்றீங்க? அவங்களே கேட்டாங்க!” என்று கத்தினேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துதான் சொன்னார். “போறவங்க கால்ல கொடியைச் சுத்தி வுடக்கூடாதுங்க. தடுக்கும். அவரு போகட்டுங்க.”

அந்த வீட்டுப் பெரியவர் மூலையில் கிடந்த சுருளைப் பார்த்தார். பிறகு, “சரிம்மா, உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடு” என்றார். கட்டை எழுத்தில்தான் போனது. அன்றைக்கு முழுவதும் நான் அக்காவுடன் பேசவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வெளியூரில் யார் காணாமல் போனாலும் அவர்கள் வீட்டார் கடைசியில் இங்கே வந்து சேருவார்கள். ‘சாமியார் கூட்டத்தோடு கலந்திருப்பான், மலை சுற்றுகிற பாதையில் போய்த் தேடு’ என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். கையில் ஒரு போட்டோவோடு எங்கள் மாடி ஏறுவார்கள். மாதத்துக்கு மூன்று நான்காவது ‘காணவில்லை’ இருக்கும். அந்த நோட்டீஸிலும் அக்கா பெயரைக் கொடி எழுத்தில்தான் போடுவார்.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். படிப்பை விட்டுவிட்டு ஓடிப்போன மகனைத் தேடி. டிசைனைப் பார்த்ததும் அந்த அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னங்க இது, நாங்க இருக்கற நெலமைல கல்யாணப் பத்திரிகையாட்டம் பண்ணி வெச்சிருக்கீங்க?”

அக்கா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த அம்மாவிடம் கேட்டார். “உங்க புள்ள இருக்கானாம்மா?”

“இருக்கானுங்க” என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “எங்கியோ இருக்கானுங்க.”

“அப்போ இருக்கறவங்க எழுத்துதான் அவனுக்கும்.”

அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையில் மகன் பெயரின் மொட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர்கள் இருநூறு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனபின் அக்கா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்காவின் வீட்டுக்காரரும் காணாமல் போனவர்தான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்தது. கட்டட வேலை பார்த்தவர். ஒரு கார்த்திகை தீபத்தன்று குழந்தையோடு மூன்று பேருமாக மலை சுற்றப் போயிருக்கிறார்கள். பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலையில், அக்காவின் மாமியார் வீட்டுக்கு அருகில், குழந்தை பொரி கேட்டிருக்கிறது. வாங்கி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் நுழைந்தவர் திரும்பவில்லை. வேறு யாரோடோ போய்விட்டார் என்றார்கள் சிலர். காவி கட்டிவிட்டார் என்றார்கள் சிலர். கூட்டத்தில் ஏதாவது ஆகியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. அக்கா யாரோடும் வாதம் செய்யவில்லை. ஒவ்வொரு வருடமும் தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் அவருடைய காணவில்லை நோட்டீஸைத் திறப்பார். போட்டோ அதேதான். மகளின் காதுகுத்து பேனருக்காக எடுத்தது, புதுச்சட்டையோடு சிரிக்கிற முகம். வயது என்ற இடத்தில் மட்டும் ஒன்று கூட்டுவார். முப்பத்து நான்கு, முப்பத்து ஐந்து, முப்பத்து ஆறு. மேலே கொடி எழுத்தில், யானை லையோடு: ஏழுமலை.

அக்கா அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘அவரு’ என்பதோடு சரி. எங்கள் பக்கத்தில் பெண்கள் பலர் அப்படித்தான். ஆனால் நாள் முழுக்கப் பெயர்களை அடித்துக்கொண்டிருந்த அந்தக் கை, வருடத்தில் ஒரு முறை அந்த நான்கு எழுத்தை அடிக்கும்போது கீபோர்டின் சத்தமே மாறும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினைத் துடைப்பேன்.

பௌர்ணமியன்று அக்கா சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். மலை சுற்றுகிற பாதையோரம் ஓரிடத்தில் உட்கார்ந்து போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். லட்சம் முகம் போகும். விடியும்வரை பார்த்துவிட்டு, குளித்து, பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிடுவார். ‘பாத்தீங்களா’ என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

ஓர் ஐப்பசிப் பௌர்ணமியன்று விடிகாலையில் அக்காவின் மாமியார் இறந்துபோனார். ஏழு மணிக்கு அக்காவின் கொழுந்தனார், அதாவது ஏழுமலையின் தம்பி, பேனருக்கான விவரத்தை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். கண்ணீருடன் என்பதற்குக் கீழே மகன்கள் பெயரில் முதலாவதாக, ‘லேட் ஏழுமலை’ என்று இருந்தது. நான் கடை திறந்துகொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டார். இழவு வீட்டுக்குப் போகவேண்டியவர் ஏன் இங்கே வந்தார் என்று பார்த்தேன்.

“அத்தைக்கு நான் போட்டாத்தான் சரியா இருக்கும். போனைக் குடு” என்றார்.

கொடுத்தேன். படித்தார். அந்த வரியில் வந்து நின்றார். அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் போனைக் கொடுத்திருக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தார். அத்தையின் பெயர் கட்டை எழுத்தில். மகன், மகள், மருமகள், பேரன், பேத்தி, எல்லாரும் கட்டை எழுத்தில். ஒரே ஒரு பெயர் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, கொடி எழுத்தில். லேட் இல்லை.

“அக்கா, உங்க கொழுந்தனார் ஒத்துப்பாரா?”

“அவங்க அம்மாவுக்கு அழறதுக்கு இவருக்கும் உரிமை இருக்குது. உசுரோட இருக்கறவர் அழறாரு. போட்டுக் கொண்டுவா” என்று சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போய்விட்டார். டிசைனை அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். அவர் இருந்த நிலையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கமாட்டார். ஓகே என்று வந்தது.

பதினோரு மணிக்குக் கொண்டுபோய் வீட்டுக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம் மலையோரமாகக் கம்பு நட்டுக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கே சுருக்கென்றது. கறுப்புக் கறுப்பாக வரிகள், நடுவில் ஒரு பெயர் மட்டும் பூத்துக்கொண்டு நிற்கிறது. வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தேவிட்டார்.

பாடை எடுக்கிற நேரத்தில் அந்தத் தம்பி ஈரவேட்டியோடு என்னிடம் வந்தார்.

“என் அண்ணன் பேரை டிராமா நோட்டீஸ் மாதிரி போட்டு ஊரே பாத்து சிரிக்கிறான். எங்க அம்மா சாவுலயா இதெல்லாம்? நான் சுடுகாட்டுல இருந்து திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பேரு அங்க இருக்கக் கூடாது. இருந்துச்சின்னா மொத்தத்தையும் கொளுத்திடுவேன். அண்ணியையும் நாலு பேர் எதுர்ல கேப்பேன்.”

ஆண்கள் எல்லாரும் பாடையோடு போய்விட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்கள். வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு ஆள் இல்லை. என் பையில் ஸ்கேலும் கட்டரும் இருந்தன.

அக்கா அவமானப்படக்கூடாது என்றுதான் செய்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. தகராறு முதலாளி காதுக்குப் போனால் என் வேலைக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு வருடமாக என் உயிரை வாங்கிய அந்த எழுத்தின்மேல் எனக்கு ஒரு ஆத்திரம். ஸ்கேலை வைத்துக் கட்டரால் நான்கு பக்கமும் நேராக இழுத்தேன். ஒரு முழ நீளத்துக்குப் பெயர் என் கையோடு வந்துவிட்டது. பேனரில் நீளமாக ஒரு சந்து. அதன் வழியாக மலை தெரிந்தது. அந்தத் துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சாதா எழுத்தில் அதே பெயரைப் பிரிண்ட் போட்டு வந்து ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். பௌர்ணமி அன்னதான பேனர்கள் ஏழு காத்துக்கொண்டிருந்தன. போகவில்லை.

காரியம் முடிகிறவரை பதினாறு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. பதினாறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்து கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன்.

பதினேழாம் நாள் வந்தார். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் போடாமல், “உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்” என்றார். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“அவரு வந்துட்டுப் போயிட்டாரு.”

எனக்குப் புரியவில்லை.

பௌர்ணமி ராத்திரி முழுவதும் அக்கா அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். கிணற்றடியிலிருந்து திரும்பும்போதே பாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, அது மறைத்ததில் எதிர்ப்பக்கத்து பேனர் கண்ணில் படவில்லை. விடிந்து கூட்டம் குறைந்ததும் பேனரில் பெயர் இருந்த இடம் ஓட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். முதலில் கொழுந்தனார்மேல்தான் சந்தேகம். காரியத்தன்று அத்தை படத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார். அவர் சூடம் ஏற்றி, அணைத்து, “எங்க அம்மா சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல” என்றிருக்கிறார். உண்மைதானே! அவர் தொடவில்லை. என் பெயரை அவர் சொல்லவுமில்லை. அவர் அப்படிச் சத்தியம் செய்தபின் அக்காவுக்கு வேறு ஒரு ஆள்தான் மிச்சம்.

“அந்தக் கூட்டத்துல அவரு வந்திருக்காரு. அம்மா செத்ததைப் பாத்திருக்காரு. தன் பேரையும் பாத்திருக்காரு” என்றார் அக்கா. “கிழிக்கலப்பா. அழகா வெட்டி எடுத்திருக்காரு. நாலு மூலையும் நேரா, சுத்தி ஒரு விரல் வுட்டு.”

எழுத்தை ஒட்டி வெட்டக்கூடாது, சுற்றி ஒரு விரல் விட்டு வெட்டவேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தருவது. கொத்து வேலை பார்த்த ஏழுமலைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார். தீபம் நெருங்கிக்கொண்டிருந்ததால், வருடாவருடம் போடும் காணவில்லை நோட்டீஸைத் திறந்தார். வயதில் ஒன்று கூட்டவில்லை. பெயரைத் தேர்ந்தெடுத்து, கொடி எழுத்தை எடுத்துவிட்டுக் கட்டை எழுத்துக்கு மாற்றினார். யானை போய்விட்டது. சுருள், இலை, மொட்டு எதுவும் இல்லை.

“அக்கா, ஆள் இருக்காருன்னு தெரிஞ்சிதே. அப்புறம் ஏன்?” என்றேன்.

“தெரிஞ்சிடுச்சி. அதான்” என்றார். “பத்தடி தூரத்துல நானும் என் பொண்ணும் உக்காந்திருந்தோம். வூட்டுக்குள்ள வராம பேரை மட்டும் எடுத்துக்கினு போயிட்டாரு. கால்ல சுத்தியிருந்ததை அவரே அறுத்துக்கினாரு. நான் எதுக்கு மறுபடியும் சுத்தணும்?”

ஃபைலை மூடினார். அந்த வருடம் நோட்டீஸ் அடிக்கவில்லை. அதற்குப்பின் எந்த வருடமும் அடிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முதலில் பயம். கொஞ்ச நாள் போனதும் வேறு ஒன்று. அக்கா பௌர்ணமியன்று பாதைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறைந்தது. மகளுக்கு மத்தியானம் போன் செய்து எதற்கோ சிரித்தார். நான் உண்மையைச் சொன்னால் மறுபடியும் லட்சம் முகங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால், எங்கேயோ இருக்கிற ஒரு மனிதன், அல்லது இல்லாமலே போய்விட்ட ஒரு மனிதன், அவன் செய்யாத துரோகத்தைச் சுமக்கிறான். நல்லது எது என்று யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் யாரிடமும் நான் கேட்கவில்லையே.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் அக்கா அங்கே போய்விட்டார். கிளம்புகிற நாளன்று ஒரு பென் டிரைவை என் கையில் வைத்தார். அதில் கொடி எழுத்து இருந்தது. “யாருக்குப் போடணும், யாருக்குப் போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். “நல்ல கை உனக்கு. நேரா வெட்டும்.”

அவருக்குத் தெரிந்திருந்ததா? பல வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே, போதும் என்று அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டாரா? அல்லது தொழில்காரர் தொழில்காரனைப் பாராட்டினாரா?

இப்போது ஊரையொட்டி வேங்கிக்காலில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அந்த எழுத்தை நான் எவருக்கும் போட்டதில்லை. வெட்டியெடுத்த துண்டு மட்டும் மேசை டிராயரின் அடியில் சுருண்டு கிடக்கிறது. தூக்கிப்போடப் பல தடவை எடுத்திருக்கிறேன்.

போன மாதம் அக்காவின் மகள் போன் செய்தாள். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றாள். நோய் முற்றிய பிறகுதான் தெரிந்ததாம். கொஞ்சம் அழுது முடித்தபின் அவள் சொன்னாள்.

“அடி அண்ணாமலைல ஒரு பேனர் கட்டணும் மாமா. பாட்டிக்குக் கட்டுனீங்களே, அதே எடத்துல. உங்களைத்தான் கட்டச் சொன்னாங்க. அப்பா பேரும் வரணும். லேட்டுன்னு போட வேணாம்.”

“அப்பா பேரு எந்த எழுத்துல வரணும்மா?”

“நானும் கேட்டேன் மாமா. அது அவனுக்குத் தெரியும்னு உங்களைத்தான் சொன்னாங்க.”

அக்காவின் பெயரைக் கட்டை எழுத்தில் போட்டேன். ஒரு சுழி இல்லாமல், ஒரு வளைவு இல்லாமல், அவர் போகட்டும் என்று. கண்ணீருடன் என்பதற்குக் கீழே கணவர் என்று அடித்தேன். பென் டிரைவைச் செருகினேன். ஏ, ழு, ம, லை. யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. என் மிஷினில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. இலை இலையாக, மொட்டு மொட்டாக வந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கே போய்க் கட்டியிருக்கலாம். பௌர்ணமியன்று மத்தியானம்தான் கட்டினேன். வெயில் அதே மாதிரி அடித்தது. பிறகு எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. முகம் முகமாகப் பார்த்தேன். தேடியது நோட்டீஸில் நூற்றுக்கணக்கில் நானே பிரிண்ட் போட்ட ஏழுமலையின் முகம்தான். ஆனால் அதற்கு இப்போது தாடி இருக்குமா, தலை நரைத்திருக்குமா, ஒன்றும் தெரியாது. தாடி வைத்தவர்கள் யாராவது பேனர் பக்கம் திரும்பினால் எழுந்து நின்றேன். விடியும்வரை அப்படியே போனது.

விடிந்து கூட்டம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. பேனர் கட்டினபடியே இருந்தது. பெயர் அங்கேயே இருந்தது. யாரும் தொடவில்லை. பக்கத்தில் போய் நான்கு மூலையையும் கையால் தடவிப் பார்த்தேன். யாராவது அதை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.